சம்பள நாளிலிருந்து தொடங்குங்கள்: தோட்டத்து ஊரின் பழைய பொழுதுபோக்குகளைத் தேடித் தொகுப்பது எப்படி

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்து ரவாங்கைப் போன்ற ஒரு ரப்பர்த் தோட்டத்து ஊரில் நூறாண்டுகளுக்கு முன் நம் மக்கள் எதைப் பார்த்துக் களித்தார்கள், எந்த நாளில் எங்கே போய் வந்தார்கள் என்பதை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது ஒரு கட்டடத்தைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பழைய கடை வரிசை ஒன்றில் படக்கொட்டகை இருந்ததாகக் கேள்விப்பட்டு, அந்த வரிசையின் நெற்றியில் சுண்ணாம்பில் புடைத்திருந்த ஆண்டைக் குறித்துக்கொண்டு, கோயில் திருவிழா மலர் ஒன்றில் அந்த ஆண்டிலேயே ஊருக்குப் படம் வந்துவிட்டது என்று எழுதியும் விட்டேன். மலர் வெளிவந்த மறுவாரம் பெரியவர் ஒருவர் என்னைத் தேநீர்க் கடையில் பிடித்து நிறுத்தினார். “தம்பி, அது கடை கட்டுன வருசம். கொட்டகை பின்னால இருந்த வெத்து நெலத்துல தகரம் அடிச்சது. சம்பளம் போட்டா வரும், மழை புடிச்சா போயிரும். அதுக்கு ஏது வருசம்?” என்றார்.

அவர் கேட்டது சரி. நகரத்துப் பொழுதுபோக்குக்கு நிலையான முகவரி உண்டு. கோலாலம்பூரில் ‘பத்து ரோடு’ என்ற சாலையில் 1920-களின் தொடக்கத்தில் எழுந்த கோலிசியம் திரையரங்கை, சாலையின் பெயர் துவாங்கு அப்துல் ரஹ்மான் என்று மாறிய பிறகும், இன்றும் போய்த் தொட்டுப் பார்க்கலாம். சிங்கப்பூரின் கேளிக்கைப் பூங்காக்களில் நியூ வோர்ல்ட் 1923-இலும் கிரேட் வோர்ல்ட் 1931-இலும் ஹேப்பி வோர்ல்ட் 1937-இலும் தொடங்கியதைப் பதிவேடுகளே சொல்கின்றன. தோட்டத்து ஊரில் முகவரி கிடையாது, நாள் உண்டு. அந்த நாளைப் பிடித்தால் கூத்தும் நாடகமும் படமும் பத்துமலைப் பயணமும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே வந்து சேரும். ஆகவே இந்தக் குறிப்புகளில் நான் சொல்லும் வழி, கூலி, பாதை, ஆவணம், நினைவு என்ற வரிசையில் போகிறது. வரிசையை மாற்றினால் வேலை இரட்டிப்பாகும் என்பது என் அனுபவம்.

முதலில் கூலிக் கணக்கு

ஒரு குறிப்பேட்டை எடுத்து, நீங்கள் எழுத விரும்பும் ஆண்டில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய ஓர் ஆணின் கையிலும் ஒரு பெண்ணின் கையிலும் என்ன பணம் இருந்தது என்பதை முதல் பக்கத்தில் எழுதுங்கள். 1920-களின் இறுதியில், போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் இந்தியத் தோட்டத் தொழிலாளர்க்கு நிர்ணயிக்கப்பட்ட கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மாதத்தில் 25 நாள் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) நின்றால் ஆணுக்கு பன்னிரண்டரை வெள்ளி (100 காசு ஒரு வெள்ளி), பெண்ணுக்குப் பத்து வெள்ளி. மளிகைக் கடன், ஊருக்கு அனுப்பும் பணம், கங்காணியிடம் பட்ட பாக்கி எல்லாம் இதிலிருந்துதான் கழிய வேண்டும். இந்தப் பக்கம் கையில் இருந்தால், பழைய விளம்பரம் ஒன்றில் தரை டிக்கட் 10 காசு என்று காணும்போது, அது ஆணின் ஒரு நாள் உழைப்பில் ஐந்தில் ஒரு பங்கு, பெண்ணின் உழைப்பில் நான்கில் ஒரு பங்கு என்பது உடனே கண்ணில் படும். மலிவான டிக்கட் என்று எழுதக் கை வராது.

இரண்டாவது பக்கத்தில் ரப்பர் விலையின் ஏற்ற இறக்கத்தை ஆண்டு வாரியாகக் கோடு போட்டு வையுங்கள். 1910-ஐ ஒட்டிய பெரும் விலையேற்றம், முதல் உலகப் போருக்குப் பிந்திய 1920, 1921-ஆம் ஆண்டுகளின் சரிவு, 1922 முதல் 1928 வரை நடப்பிலிருந்த ஸ்டீவன்சன் உற்பத்திக் கட்டுப்பாடு, அதன் நடுவே 1925-இல் விலை எகிறியது, 1930-இலிருந்து 1932 வரை உலக மந்தத்தில் விலை தரைதட்டி நம்மவர்கள் பல்லாயிரக்கணக்கில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டது ஆகிய ஐந்தையும் குறித்தால் போதும். ஊர் சுற்றும் நாடகக் குழுவும் சர்க்கஸும் இந்தக் கோட்டைப் பின்தொடர்ந்தே வந்திருக்க வேண்டும் என்ற ஊகத்தோடு தேடத் தொடங்குங்கள். பிறகு கிடைக்கும் சான்று ஊகத்தை உறுதிப்படுத்தலாம், உடைக்கவும் செய்யலாம். வெறுங்கையோடு தேடுவதைவிட இது மேல்.

சம்பளம் போட்ட தேதி எது என்பதைத் தோட்டத்துக்குத் தோட்டம் தனியாகக் கேட்டறிய வேண்டும். பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களில் வெவ்வேறு நாளில் சம்பளம் போடப்பட்டிருந்தால், ஒரே வாரத்தில் ஒரு நாடகக் குழுவுக்கு நான்கு இரவு கூட்டம் கிடைத்திருக்கும். ஒரே நாளில் போடப்பட்டிருந்தால் ஒரே ஓர் இரவு ஊரே நெரிந்திருக்கும். பழைய செக்ரோல் என்னும் வருகைப் பதிவேடு எங்காவது கிராணி (தோட்டத்துக் கணக்கர்) வீட்டுப் பரணில் கிடைத்தால் அதை விடாதீர்கள். அதில் சம்பள நாளுக்கு மறுநாள் எத்தனை பேர் பெரட்டுக்கு வரவில்லை என்பதைப் பார்த்தாலே முந்தைய இரவைப் பற்றி ஓரளவு தெரிந்துவிடும்.

பாதையை வரைதல்

பொழுதுபோக்கு என்பது அன்றைக்கு நடையில் தொடங்கி நடையில் முடிந்த ஒன்று. லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) ஊருக்கு எத்தனை மைல், ஊரிலிருந்து நகரத்துக்கு எது வண்டி, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இல்லாமல் எதையும் எழுதாதீர்கள்.

ரவாங்கை எடுத்துக்கொண்டால், கோலாலம்பூரிலிருந்து ரயில் பாதை 1892-இலேயே இங்கு வந்துவிட்டது. 1903-இல் பினாங்கின் எதிர்க்கரையிலுள்ள பிறை வரைக்கும் தொடர்பாதை உண்டானது. அதாவது 1910-இல் கோலாலம்பூரின் இன்றைய பழைய ரயில் நிலையம் எழுந்தபோது, சுமார் 20 மைல் வடக்கே இருந்த ரவாங்குக்காரருக்கு நகரம் ஒரு ரயில் டிக்கட் தூரத்தில் இருந்தது. ஆனால் பாதை இருந்ததால் எல்லோரும் போய் வந்தார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இரவுக் காட்சி முடியும் நேரத்துக்கும் கடைசி ரயில் புறப்படும் நேரத்துக்கும் இடையில் இடைவெளி இருந்ததா என்று பாருங்கள். கூட்டரசு மலாய் மாநிலங்களின் ரயில்வே கால அட்டவணைகள் அன்றைய ஆங்கில நாளிதழ்களில் அச்சாகியிருக்கின்றன. காட்சி முடியும் முன்பே ரயில் போய்விட்டிருந்தால், நகரத்துப் படத்தைப் பார்த்த தோட்டத்துக்காரர் செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ரயில்வேயில் வேலை பார்த்த உறவினர் வீட்டில் இரவு தங்கியவராகத்தான் இருக்க வேண்டும். உறவு இல்லாதவருக்கு நகரத்துப் படம் இல்லை. இப்படி ஒரு கால அட்டவணையே யார் பார்த்தார், யார் பார்க்கவில்லை என்பதைப் பிரித்துக் காட்டிவிடும்.

இதற்கு விதிவிலக்கு தைப்பூசம். பத்துமலைக் கோயிலைத் தம்புசாமிப் பிள்ளை 1890-ஐ ஒட்டி நிறுவ, 1892 முதல் அங்கே தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. குகைக்கு 1920-இல் மரப்படியும் 1940-இல் இன்றுள்ள 272 கற்காரைப் படிகளும் வந்தன. விழாவுக்குத் தனி ரயில்கள் விடப்பட்டதை அக்கால நாளிதழ்களில் காணலாம். பக்தியை மட்டும் எழுதினால் பாதி எழுதியதாகவே ஆகும், ஏனெனில் ஆண்டில் ஒரு முறை குடும்பத்தோடு ஊரைத் தாண்டிய பயணம் பலருக்கு இதுதான். வளையல் வாங்கியது, பெண் பார்த்தது, ஒரே கப்பலில் வந்து பிரிந்த நண்பரைக் கண்டது, படம் எடுத்துக்கொண்டது என்று பூசத்தைச் சுற்றி நடந்ததையெல்லாம் தனித் தலைப்பில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பினாங்கை ஒட்டிய தோட்டத்து ஊர்க்காரர்கள் தண்ணீர்மலை முருகன் கோயிலையும், 1923-இல் ஓடத் தொடங்கிய கொடிமலை (பினாங் ஹில்) ரயிலையும் இதே வகையில் விசாரிக்கலாம்.

பாதையில் யார் எப்படிப் போனார்கள் என்பதும் சேர வேண்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், துரையை (வெள்ளைக்காரத் தோட்ட மேலாளரை) கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் ஒன்று. கூலி உயர்வுக்கும் பிள்ளைகளின் கல்விக்கும் பக்கத்தில் சைக்கிள் வந்து நின்றதைக் கவனியுங்கள். ஊருக்குப் போகும் சாலை எல்லாருக்கும் ஒரே மாதிரியான சாலையாக இருக்கவில்லை. வரைபடத்தில் துரை பங்களாவும் கிளப்பும் இருந்த இடங்களைக் கட்டாயம் குறியுங்கள்.

எதையெல்லாம் தேடுவது

தோட்டத்துக்குள்ளேயே நடந்தவற்றில் தொடங்குங்கள். மாரியம்மன் திருவிழா, தீமிதி, தெருக்கூத்து, தப்பும் உருமியும், சிலம்பம், சடுகுடு ஆகியவற்றுக்கு டிக்கட் இல்லை, விளம்பரம் இல்லை, எனவே தாளில் சுவடும் மிகக் குறைவு. இவை கோயில் கணக்குப் புத்தகத்தில் மட்டும், அதுவும் செலவுப் பக்கத்தில், தலைகாட்டும். விளக்கெண்ணெய் இவ்வளவு, பந்தல் கூலி இவ்வளவு, வெளியூர் மேளத்துக்குச் சாப்பாடு இவ்வளவு என்ற வரிகளிலிருந்து, கூத்து எத்தனை இரவு நடந்தது என்பதைக் கணக்கிட்டு எடுக்கலாம்.

அடுத்து, ஊருக்குள் வந்து கூடாரம் அடித்தவை. தமிழகத்திலிருந்து வந்த நாடகக் குழுக்கள், மலாய் பங்சாவான் நாடகம், சீனர் வாயாங் கூத்து, சர்க்கஸ், ஊர் ஊராகச் சுற்றிய படக் கருவி ஆகியவை இந்த வகை. பினாங்கில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பார்சி நாடகத்தின் தாக்கத்தோடு உருவான பங்சாவானைத் தமிழர்களும் காசு கொடுத்துப் பார்த்தார்கள். சீனர் வாயாங்குக்குப் பெரும்பாலும் காசே வேண்டாம், ஏனெனில் அது சாமிக்கு ஆடுவது. தமிழர் பொழுதுபோக்கு என்று தேடுபவர் தமிழ் நிகழ்ச்சிகளை மட்டும் தேடினால் பாதிக் கூட்டத்தைத் தவறவிடுவார். ஆர்ம்ஸ்டன் சர்க்கஸ் போன்ற பெரிய கூடாரங்கள் மலாயாவின் பெரிய ஊர்களுக்குத் திரும்பத் திரும்ப வந்ததால், அவற்றின் பயண வரிசையை விளம்பரங்களிலிருந்து எடுத்து ரயில் வரைபடத்தின்மேல் வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

பேச்சுக் கூட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். 1929 டிசம்பரில் ஈ.வெ.ரா. பெரியார் மலாயா வந்ததும், 1937-இல் நேரு வந்ததும் அரசியல் வரலாற்றில் எழுதப்பட்டுள்ளன. ஆனால் ஒரு தோட்டத்துக் குடும்பத்துக்கு அது லாரி பிடித்துக் கூட்டமாகப் போய், ஒலிபெருக்கியைக் கண்டு, இரவு திரும்பிய நாளாகவும் இருந்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

கிராமபோன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம், அதை யார் வைத்திருந்தார், வாசலில் யார் உட்கார அனுமதிக்கப்பட்டார் என்ற இரண்டு கேள்விகள் போதும். நகரத்துச் சங்கங்களைப் பற்றியும் சுருக்கமாகவே முடித்துக்கொள்ளலாம். பிரிக்பீல்ட்ஸில் 1904-இல் அமைந்த விவேகானந்த ஆசிரமமும், 1914-இல் தொடங்கிய டி.பி.சி.ஏ. என்னும் தமிழர் உடற்பயிற்சிக் கழகமும், படித்த அலுவலர்களின் மாலை நேரத்தைக் காட்டும். அந்த மாலையை லயத்து மாலையோடு சேர்த்து ஒரே தமிழர் மாலை என்று எழுதிவிடாதீர்கள்.

கள்ளுக்கடையைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. தோட்டத் தொழிலாளர் ஓய்வு என்று ஆவணங்களில் தேடினால் முதலில் வந்து கொட்டுவது கள்ளுதான். கள்ளுக்கடைக்கு உரிமம் வேண்டும், உரிமத்தால் வருமானம் உண்டு, வருமானம் இருந்தால் கணக்கு உண்டு, கணக்கு இருந்தால் கோப்பு உண்டு. கூத்துக்கு உரிமம் இல்லாததால் கோப்பும் இல்லை. கோப்பு பெருத்திருப்பதைப் பார்த்து நம்மவர் குடித்தே பொழுதைக் கழித்தனர் என்று எழுதிய கட்டுரைகளை நானே படித்திருக்கிறேன். நான் மேலே சொன்ன 1941 வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்ததை அந்தக் கட்டுரைகளில் காணோம்.

ஆவணத்தில் எப்படித் தேடுவது

வீட்டில் உட்கார்ந்தபடியே தொடங்கலாம். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நாளிதழ்த் தளத்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், மலாயா டிரிப்யூன், பினாங் கெசெட் முதலியவை இலவசமாகக் கிடைக்கின்றன. 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் அங்கே உண்டு. 1924-இல் கோலாலம்பூரில் தொடங்கிய தமிழ் நேசனுக்கு நூலகங்களில் நேரில் போய்க் கேட்பதே வழி.

தேடும் சொல்தான் இங்கே எல்லாம். தமிழர் என்று தேடினால் கிடைப்பது கொஞ்சம். அக்கால ஆங்கில ஏடுகளில் நம்மவரைக் கிளிங் என்ற சொல்லால் குறித்தார்கள். அது நமக்குப் பிடிக்காத சொல், ஆனால் அதைத் தட்டச்சு செய்யாமல் 1910-க்கு முந்திய செய்திகளில் பாதி கண்ணில் படாது. திரைப்படத்துக்கு சினிமட்டோகிராப், பயாஸ்கோப், மலாயில் வாயாங் கம்பார், வாயாங் கெலாப் என்று பல பெயர்கள் இருந்தன. கெலாப் என்றால் இருட்டு, அதாவது இருட்டில் காட்டும் கூத்து. ஊர்ப் பெயரின் பழைய எழுத்துமுறைகளையும் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பழைய அச்சை இயந்திரம் படித்துத் தருவதால் எழுத்துகள் குழம்பியிருக்கும், தமிழில் இன்னும் மோசம். ஆகவே முக்கியமான மாதங்களில், அதாவது நீங்கள் கண்டுபிடித்த சம்பள வாரங்களிலும் தைப்பூச வாரத்திலும், இயந்திரத்தை நம்பாமல் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே நல்லது. விளம்பரப் பத்தியை முதலில் படியுங்கள், பிறகு நீதிமன்றச் செய்திகள். டிக்கட் கவுண்டரில் அடிதடி, கூடாரம் சரிந்தது, அனுமதி இல்லாமல் நாடகம் போட்டதற்கு அபராதம் என்று பொழுதுபோக்கின் மறுபக்கம் அங்கேதான் ஒதுங்கியிருக்கும்.

பிறகு கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம், அதாவது அர்க்கிப் நெகாரா. சிலாங்கூர் தலைமைச் செயலகக் கோப்புகள் அங்கே ஆண்டு வாரியாக இருக்கின்றன. கூட்டரசு மலாய் மாநிலங்களில் ஊர்களை நிர்வகித்தது சானிட்டரி போர்டு. தெருவிளக்கு, சாக்கடை, சந்தை, கொட்டகை எல்லாம் அதன் கையில். எனவே நாடகம் என்று தேடிக் கிடைக்காதபோது, தீ விபத்து அபாயம், கழிப்பிட வசதி, இரவு இரைச்சல் என்று தேடுங்கள். கொட்டகையை அதிகாரிகள் ரசனைக்காகப் பார்வையிடவில்லை, தீப்பிடிக்குமா என்று பார்க்கவே போனார்கள். அதனால்தான் வாசல் எத்தனை, பெஞ்சு எத்தனை, கூரை அத்தாப்பு ஓலையா தகரமா என்ற விவரங்கள் நமக்கு மிஞ்சியிருக்கின்றன.

இங்கே ரவாங்குக்கே உரிய ஒரு முரண். சீனச் செல்வர் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் நடத்திய ஈயச் சுரங்கத்தில் 1894-இலேயே மின்சாரம் பயன்பட்டதால், இந்நாட்டின் மின்சார வரலாறு ரவாங்கிலிருந்து தொடங்குகிறது என்று பெருமையாகச் சொல்வோம். சுற்றியிருந்த லயங்களுக்கு அந்த வெளிச்சம் வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. ஆவணத்தில் மின்சாரம் என்று கண்டதும் கூத்து மேடையில் பல்பு எரிய விட்டுவிடாதீர்கள்.

பெரியவர்களிடம் கேட்பது

இன்று தொண்ணூறை எட்டியவருக்கும் சொந்த நினைவு போருக்குச் சற்று முன்னிருந்துதான் தொடங்கும். 1920-களைப் பற்றி அவர் சொல்வது தம் தாயோ தந்தையோ சொல்லக் கேட்டது. ஆகவே குறிப்பேட்டில் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, “நான் பார்த்தேன்” என்பதை இடப்பக்கமும், “அம்மா சொல்வாங்க” என்பதை வலப்பக்கமும் எழுதுங்கள். இரண்டும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது.

“அந்தக் காலத்துல என்ன படம் பாத்தீங்க?” என்று கேட்டால் கிடைப்பது போருக்குப் பின் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய படங்களின் பட்டியல். நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். “சம்பளம் போட்ட அன்னிக்கு ராத்திரி வீட்ல என்ன நடக்கும், பாட்டி?” என்று கேட்டேன். நான் சந்தித்த பாட்டி முதலில் எதுவும் சொல்லாமல் கையைக் கிண்ணம்போல் குவித்து, உள்ளே விரலைவிட்டுச் சுழற்றிக் காட்டினார். பிறகுதான் புரிந்தது: அரிக்கேன் விளக்கின் சிமினியைச் சாம்பல் போட்டுத் துடைக்கும் கை அது. ஊருக்குப் போகும் இரவில் மட்டும் அவர் தாயார் சிமினியைப் பகலிலேயே துடைத்து வெயிலில் கவிழ்த்து வைப்பாராம். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்து திண்ணையில் கவிழ்ந்திருக்கும் கண்ணாடியைப் பார்த்தே இன்று கூத்துக்கோ படத்துக்கோ போகிறோம் என்று தெரிந்துகொள்வார்களாம். பெண்கள் ஒரு கூட்டமாக, முன்னால் ஒரு விளக்கு, பின்னால் ஒரு விளக்கு, நடுவில் பிள்ளைகள், மடியில் கடலைக்கு ஒரு காசு. படத்தின் பெயர் அவருக்குத் தெரியாது. தாயாருக்கும் தெரிந்திருக்காது என்றார். விளக்கு எத்தனை என்பது மட்டும் துல்லியமாகத் தெரிந்தது.

இந்த வகையான கேள்விகளைத் தயாராக வைத்திருங்கள்: எந்தச் சேலை, யார் வீட்டில் தங்கினார், பிள்ளையை யார் தூக்கினார், திரும்பும்போது யார் பாடினார், மறுநாள் பெரட்டுக்கு யார் எழுந்திருக்கவில்லை. ஒலிப்பதிவு செய்ய அனுமதி கேளுங்கள், மறுத்தால் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒருவரிடம் ஒரே நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காராதீர்கள். இரண்டாம் முறை போகும்போதுதான் நல்லவை வரும், போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள்.

தேதியைக் கட்டிப்போடுதல்

நினைவுக்கு ஆண்டு தெரியாது. ஆனால் முன், பின் தெரியும். அசையாத சில தேதிகளை ஆணிபோல் அடித்து, கேட்டவற்றை அவற்றில் மாட்டிவிடலாம். முதல் தமிழ் பேசும் படமான காளிதாஸ் சென்னையில் 1931 அக்டோபர் இறுதியில் வெளிவந்தது. அதனால் 1920-களில் பாட்டுள்ள தமிழ்ப் படம் பார்த்ததாக ஒருவர் சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை, பத்தாண்டு நழுவியிருக்கிறது, அல்லது திரைக்குப் பக்கத்தில் ஆர்மோனியத்தோடு ஒருவர் உட்கார்ந்து பாடியிருக்கிறார். இரண்டாவதாக இருந்தால் அது உங்கள் தொகுப்பின் மிக நல்ல பக்கமாகும், எனவே சண்டை போடாமல் பாடியவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று கேளுங்கள்.

1935 மே மாதத்து ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி விழா, 1937 மே மாதத்து ஆறாம் ஜார்ஜ் முடிசூட்டு விழா, 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலம், 1948-இல் தொடங்கிய அவசரகாலம் ஆகியவை மற்ற ஆணிகள். அரச விழா நாட்களில் திடலில் ஓட்டப் போட்டி, கயிறு இழுத்தல், வாணவேடிக்கை இருந்ததால் பலருக்கு அவை நினைவிருக்கும். அவசரகாலத்தில் முள்வேலியும் ஊரடங்கும் வந்து இரவு நடை நின்றுபோனது. “ராத்திரி நடந்து போனோம்” என்று ஒருவர் சொல்வது பெரும்பாலும் 1948-க்கு முந்தியது என்று கொள்ளலாம்.

எழுதும் முறை

எல்லாம் சேர்ந்த பிறகு ஆண்டுவாரியான பட்டியலாக எழுத ஆசை வரும். அதைப் பின்னிணைப்புக்கு ஒதுக்கிவிட்டு, ஒரே ஒரு மாதத்தை எழுதுங்கள். விலை நன்றாக இருந்த ஓர் ஆண்டைத் தேர்ந்து, சம்பளத்துக்கு முந்தைய வாரத்தின் கடன், சம்பள நாள், அன்றிரவு, மறுநாள் பெரட்டு, பிறகு வெறுமையான மூன்று வாரங்கள் என்று போகட்டும். வெறும் வாரங்களில்தான் லயத்து வாசலில் கதை சொன்னவர்களும் தாயம் உருட்டியவர்களும் வருவார்கள். எந்த வரி ஆவணத்திலிருந்து வந்தது, எது நினைவு, எது உங்கள் ஊகம் என்பதை வாக்கியத்திலேயே தெரியும்படி எழுதுங்கள்.

அச்சுக்கு அனுப்பும் முன், சொன்னவரிடமே திரும்பப் போய் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். இதைத் தவிர்த்தவர்கள் தேநீர்க் கடைகளைச் சுற்றுவழியில் கடந்து போக வேண்டியிருக்கும். நான் இம்முறை பாட்டியிடம் வரைபடத்தையும் கொண்டு போனேன். சடக்கு (வண்டிச் சாலை) வழியாகப் பெண்கள் ஊருக்குப் போனதையும் அதே சடக்கில் நடு இரவில் திரும்பியதையும் சிவப்பு மையில் வரைந்திருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“போறப்பதான் சடக்கு. வர்றப்ப ரயில் ரோட்டு ஓரமாத்தான் வருவாங்களாம். ராத்திரில கிளப்புலேர்ந்து தொரைங்க கார் சடக்குல வரும். வெளக்க கீழ எறக்கிப் புடிச்சிக்கிட்டு காட்டுக்குள்ள ஒதுங்கி நிக்கணும், புள்ளைங்க அழும். அதுக்கு தண்டவாளமே மேலுன்னு அம்மா சொல்லுவாங்க.”

திரும்பும் கோட்டை அங்கேயே அழித்து, ரயில் பாதையை ஒட்டி மறுபடி வரைந்தேன்.